ஹவாய்ப் பெண்களின் பாஊ சவாரி: எது பழசு, எது புதுசு, எது புனிதம்?

ஜூன் மாதம் பிறந்தால் சில படங்கள் இணையத்தில் வலம்வர ஆரம்பித்துவிடும். குதிரை மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். கழுத்திலும் தலையிலும் கனத்த பூமாலை. இடுப்பிலிருந்து இறங்கும் பளபளப்பான துணி குதிரையின் இரண்டு பக்கமும் வழிந்து, அங்கவடியையும் பாதத்தையும் மூடிக்கொண்டு கீழே தொங்கும். குதிரையின் கழுத்திலும் மாலை. அந்தத் துணிக்குப் பெயர் பாஊ. ஹவாய்த் தீவுகளின் பாஊ சவாரி இது.

படம் அழகுதான். அதற்குக் கீழே எழுதப்படும் விளக்கங்கள்தான் பெரும்பாலும் தப்பு. ஆயிரம் ஆண்டுப் பழமையான தேவி வழிபாடு என்று சிலர் எழுதுகிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காகப் போடும் வேஷம், இதில் ஆன்மிகம் ஒன்றும் கிடையாது என்று வேறு சிலர் தள்ளிவிடுகிறார்கள். இரண்டு தரப்பும் குதிரையையே பார்க்கிறது, துணியைப் பார்ப்பதில்லை. குதிரை ஹவாய்க்குப் புதுசு. துணியும், பூவும், அந்தப் பூ பூக்கும் மண்ணும்தான் பழசு. ஹவாய்க்காரர்கள் எதைப் புனிதம் என்று மதிக்கிறார்களோ, அது அங்கேதான் இருக்கிறது.

ஹவாயைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வருகிறவர்களுக்கும் புரியும்படி, அடியிலிருந்தே பார்ப்போம்.

## குதிரை எப்போது வந்தது?

பசிபிக் கடலின் நடுவே எரிமலைகள் எழுப்பிய தீவுக்கூட்டம் ஹவாய். இன்று அமெரிக்காவின் ஒரு மாநிலம். ஆனால் கலிபோர்னியாக் கரையே அங்கிருந்து ஏறக்குறைய 3,800 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பாலினேசியக் கடலோடிகள் படகில் வந்து அங்கே குடியேறியபோது பன்றி, நாய், கோழி இவற்றைக் கூடவே கொண்டுவந்தார்கள். மாடும் குதிரையும் அந்தப் பட்டியலில் இல்லை.

மாடு முதலில் வந்தது. ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் 1793-இல் மன்னர் முதலாம் கமேஹமேஹாவுக்கு மாடுகளைப் பரிசாகக் கொண்டுவந்தார். அவற்றைக் கொல்லக் கூடாது என்று மன்னர் தடை போட்டார். தடை போட்ட காலத்தில் மாடுகள் காட்டுக்குள் புகுந்து கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டன. 1803-இல் ரிச்சர்ட் கிளீவ்லாண்ட் என்ற அமெரிக்க வணிகர் கலிபோர்னியாக் கரையிலிருந்து முதல் குதிரைகளைக் கொண்டுவந்து, தீவுக்கூட்டத்தின் பெயரையே கொண்ட ஹவாய்த் தீவின் கவாயிஹாயே துறையிலும் மௌயித் தீவின் லஹாயினாவிலும் இறக்கினார். காட்டு மாடுகளை எப்படிப் பிடிப்பது? அதைக் கற்றுக்கொடுக்க 1830-களில் மெக்ஸிக்க மாட்டுக்காரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டு ஹவாயிலேயே உருவான குதிரைவீர மாட்டுக்காரருக்கு பானியோலோ என்று பெயர். சேணம், கயிற்றுச் சுருக்கு, அகலத் தொப்பி எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

ஆக, குதிரைக்கும் ஹவாய்க்கும் உள்ள உறவு இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள். பழைய ஹவாய்ச் சமயத்தில் குதிரைத் தெய்வம் கிடையாது. இருக்கவும் வழியில்லை.

## பெண்கள் ஏன் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்தார்கள்?

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மரியாதைப்பட்ட குடும்பப் பெண் குதிரையில் ஒருபக்கமாகத்தான் உட்கார வேண்டும். அதற்கென்றே தனிச் சேணம் இருந்தது. ஹவாய்ப் பெண்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. மெக்ஸிக்கச் சேணத்தில் ஆண்கள் எப்படி உட்கார்ந்தார்களோ, அவர்களும் அப்படியே இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்தார்கள். எரிமலைக் குழம்பு இறுகிய கரடுமுரடான பாதையிலும் செங்குத்தான பள்ளத்தாக்கிலும் ஒருபக்கமாக உட்கார்ந்து போவது உயிருக்கே உலை என்பதையும் சேர்த்து யோசித்துப்பாருங்கள்.

இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பயணி 1873-இல் ஹவாய்க்கு வந்தார். நாள்பட்ட முதுகுவலிக்காரர். ஒருபக்கச் சேணத்தில் உட்கார அவரால் முடியவில்லை. உள்ளூர்ப் பெண்கள் சவாரி செய்வதைப் பார்த்து, தானும் மெக்ஸிக்கச் சேணத்துக்கு மாறி, எரிமலை வரைக்கும் போய்வந்தார். அந்த ஊர்ப் பெண்களின் வழக்கம் எவ்வளவு நடைமுறை அறிவோடு இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இன்னொரு செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1819 வரைக்கும் ஹவாயில் பெண்கள் ஆண்களோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. பன்றி இறைச்சி, வாழைப்பழத்தில் பெரும்பாலான வகைகள், தேங்காய் எல்லாம் பெண்களுக்கு விலக்கு. மீறினால் மரண தண்டனை வரைக்கும் போகும். கமேஹமேஹா இறந்த அந்த ஆண்டிலேயே அவருடைய மனைவி ராணி காஅஹுமானுவும் இளம் மன்னர் லிஹோலிஹோவும் எல்லாரும் பார்க்கப் பெண்களோடு விருந்து சாப்பிட்டு அந்தத் தடையை உடைத்தார்கள். பெண்கள் குதிரையேறியதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் குதிரைகளோடு சேர்ந்து வளர்ந்த தலைமுறைப் பெண்கள் அந்தத் தடை இல்லாத காலத்தில் வளர்ந்தவர்கள். சனிக்கிழமை மதியம் ஹொனலூலுத் தெருக்களில் கூட்டங்கூட்டமாகப் பாய்ந்துபோன பெண்களைப் பற்றிப் பயணிகள் எழுதியதைப் படிக்கும்போது எனக்கு அந்த விருந்துதான் நினைவுக்கு வருகிறது.

சரி, துணி எங்கே வந்தது? 1820-இல் கிறிஸ்தவ ஊழியக்காரர்கள் வந்தபிறகு, கழுத்திலிருந்து கால்வரை மூடும் நீள அங்கி பெண்களின் நல்ல உடையாகிவிட்டது. விருந்துக்கோ கோயிலுக்கோ அந்த அங்கியோடு குதிரையில் போனால் புழுதியும் சேறும் அப்பிக்கொள்ளும். அதனால் மேலே ஒரு நீளத் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்துவிட்டால் உள்ளே இருப்பது கசங்காத உடை. இந்தச் சுற்றுத்துணிதான் சவாரி பாஊ.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: குதிரை 1803-இல் வந்தது, பெண்கள் ஆண்களைப் போலவே சவாரி செய்தார்கள், பாஊ உடையைக் காப்பாற்றும் மேல்துணியாகப் பிறந்தது. இதில் எங்குமே இன்னும் ஆன்மிகம் வரவில்லை.

## பாஊ கட்டுவது எப்படி?

மடிசார் கட்டிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடும். தையல் கிடையாது, பொத்தான் கிடையாது, ஊசி குத்துவதும் கிடையாது. நீண்ட ஒரே துணி. அதைக் கால்களுக்கு இடையே கொண்டுபோய், கால் அசைவதற்கு இடம் விட்டு, இடுப்பில் செருகி நிறுத்த வேண்டும். மடிசாருக்கு ஒன்பது கெஜம் என்றால் பாஊவுக்குப் பன்னிரண்டு கெஜம் வரைக்கும் போகும், அதாவது ஏறக்குறைய 11 மீட்டர். 1866-இல் ஹொனலூலுவுக்கு வந்த மார்க் ட்வைன், பெண்கள் ஒரு நீளத் துணியை இடுப்பில் சுற்றி, கால்களுக்கு இடையே செலுத்தி, இரண்டு முனையையும் பின்பக்கம் பறக்கவிட்டுக்கொண்டு விரைவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அன்று முனைகள் காற்றில் பறந்தன. இன்றைய அணிவகுப்பில் அவை இரண்டு பக்கமும் அருவி மாதிரி இறங்குகின்றன.

அவ்வளவு துணியும் அவிழாமல் நிற்பதற்கு ஒரு நுட்பம் இருக்கிறது. இடுப்பருகே துணிக்கு உள்ளே ஒரு குக்குயி கொட்டையை வைத்து, துணியோடு சேர்த்து முறுக்கி, இடுப்புப் பட்டிக்குள் செருகுகிறார்கள். கொட்டை குமிழ்போல நின்றுகொள்ளும். துணி நழுவப் பார்த்தாலும் கொட்டை பட்டியைத் தாண்டாது. இப்படிச் சில இடங்களில் செருகினால் போதும், குதிரை நடந்தாலும் ஓடினாலும் பாஊ அசையாது. குக்குயி என்பது வேறொன்றும் இல்லை, மலேசியத் தமிழர்கள் புவா கெராஸ் என்று கடையில் வாங்கிக் குழம்புக்கு அரைக்கிறார்களே, அதே கொட்டைதான். எண்ணெய் நிறைந்த கொட்டை. ஹவாயில் அந்தக் காலத்தில் இதைத் தென்னை ஈர்க்கில் வரிசையாகக் கோத்துக் கொளுத்தி விளக்காக எரித்தார்கள். அதனால் அங்கே குக்குயி என்றாலே வெளிச்சம், அறிவு என்ற எண்ணம் வரும். மாநில மரமும் அதுதான்.

பாஊவைத் தானே கட்டிக்கொள்வது கஷ்டம். கை பழகிய ஒருவர் கட்டிவிட வேண்டும். பெரும்பாலும் அது குடும்பத்திலோ குழுவிலோ மூத்த பெண்ணாக இருப்பார். இழுவை எங்கே தளர வேண்டும், எங்கே இறுக வேண்டும் என்பது அவருடைய விரலுக்குத்தான் தெரியும். நின்ற இடத்தில் கட்டிமுடித்து, தொங்கும் துணியை அள்ளி எடுத்துக்கொண்டு ஏற்றிவிடுவார்கள். ஏறி உட்கார்ந்தபிறகு இரண்டு பக்கமும் துணியைப் பிரித்து இறக்கிச் சரிசெய்வார்கள். அப்புறம் இறங்கி ஏறுவது லேசான வேலை இல்லை. குதிரைக்கும் பயிற்சி வேண்டும். விலாவில் ஓயாமல் துணி உரசினால் பழகாத குதிரை மிரண்டுவிடும். சவாரி செய்கிறவருக்குத் தன் பாதமே கண்ணில் படாது.

## ஓர் இடுப்புத்துணிக்கு ஏன் அவ்வளவு மரியாதை?

இங்கேதான் பழைய ஹவாய் உள்ளே வருகிறது. குதிரையும் அங்கியும் வருவதற்கு வெகுகாலம் முன்பே பாஊ இருந்தது. மரப்பட்டையை ஊறவைத்து, அடித்து, விரித்துச் செய்த துணிக்கு கபா என்று பெயர். அந்தக் கபாவில் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொண்டதுதான் பழைய பாஊ.

பழைய ஹவாய் நம்பிக்கையில் மனா என்று ஒன்று உண்டு. ஆளிலும் இடத்திலும் பொருளிலும் தங்கியிருக்கும் ஆற்றல் அது. பிறப்பால் வரும், நல்ல செயலால் கூடும், தவறால் குறையும். ஒருவர் உடுத்திய உடையிலும் அவருடைய மனா படிந்திருக்கும் என்று கருதினார்கள். அதிலும் இடுப்பில் கட்டும் துணி விஷயத்தில் கறாராக இருந்தார்கள். ஒருத்தி பாஊவை இன்னொருத்தி எடுத்துக் கட்டிக்கொள்வது வழக்கம் இல்லை.

இந்த மரியாதை எவ்வளவு தூரம் போகும் என்பதை ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பாஊ காட்டுகிறது. கமேஹமேஹாவின் மகள் இளவரசி நாஹிஎனாஎனாவுக்காக 1820-களில் செய்தது. துணி இல்லை, இறகு. ஓஓ என்ற பறவையிடமிருந்து எடுத்த சின்னச் சின்ன மஞ்சள் இறகுகளை வலையில் ஒவ்வொன்றாகக் கட்டி, சுமார் 6 மீட்டர் நீளத்துக்கு வளர்த்திருக்கிறார்கள். இறகுகளின் எண்ணிக்கை பத்து லட்சம் வரைக்கும் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஹவாய் இறகுக் கைவேலைகளில் இதுவே மிகப் பெரியது. பிற்பாடு அதே பாஊ அரச குடும்பத்தாரின் சவப்பெட்டி மேல் போர்த்தும் துணியானது. 1891-இல் கலாகௌவா மன்னரின் இறுதிச் சடங்கிலும் போர்த்தினார்கள். ஒரு பெண்ணுக்காகச் செய்த இடுப்புத்துணியை மன்னனின் பெட்டி மேல் போர்த்துவது அவர்களுக்கு இழுக்காகத் தோன்றவில்லை. அதைவிட உயர்ந்த போர்வை அவர்களிடம் இல்லை.

கதைகளிலும் பாஊ வருகிறது. எரிமலைத் தெய்வம் பெலே. அவளுடைய செல்லத் தங்கை ஹிஇயாகா. தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது பெலே அவளைக் கடற்கரையில் கிடத்திவிட்டு மீன் பிடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், மணலில் படரும் ஒரு கொடி குழந்தைமேல் படர்ந்து வெயில் படாமல் மூடியிருந்தது. வெளிர்நீலப் பூப் பூக்கும் அந்தக் கொடிக்கு இன்றைக்கும் ஹிஇயாகாவின் பாஊ என்றுதான் பெயர். வளர்ந்தபிறகு அக்காவின் ஏவலில் தீவு தீவாகப் பயணம் போகும் ஹிஇயாகா, வழிமறிக்கும் பல்லியுருவப் பேய்களைத் தன் பாஊவால் அடித்தே வீழ்த்துகிறாள். மின்னல் தெறிக்கும் பாவாடை அது. மூடிக் காப்பதும் பாஊ, எதிர்த்து அடிப்பதும் பாஊ.

குதிரையில் ஏறும் பெண் இன்று கட்டுவது கடையில் வாங்கிய சாட்டின் துணி. அதை யாரும் கும்பிடுவதில்லை. ஆனால் அந்தத் துணிக்கு என்ன பெயர், அந்தப் பெயருக்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த நிமிர்வு அங்கிருந்து வருவதுதான்.

## எட்டுத் தீவு, எட்டு மாலை

அணிவகுப்பில் முதலில் பாஊ ராணி வருவார். அவருக்குப் பின்னால் எட்டு முக்கியத் தீவுகளுக்கும் ஒவ்வோர் இளவரசி, அவரவர் தோழிப் பெண்களோடும் பானியோலோ ஆண்களின் காவலோடும் வருவார்கள். ஒவ்வொரு தீவுக்கும் ஒரு நிறம், ஒரு மாலை. அந்த மாலைக்கு லெய் என்று பெயர். பூ மட்டும் என்றில்லை, இலை, விதை, சிப்பி எதைக் கோத்தாலும் லெய்தான். எந்தத் தீவுக்கு எது என்பதை 1923-இல் சட்டமன்றமே தீர்மானம் போட்டு அங்கீகரித்தது.

ஹவாய்த் தீவுக்குச் சிவப்பு, லெஹுவாப் பூ. ஓவாஹுவுக்கு மஞ்சள், இலிமா. நம்மூர்க் குறுந்தொட்டியின் இனத்தைச் சேர்ந்த பூ, காகிதம்போல மெல்லியது, ஒரு மாலைக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். மௌயிக்கு இளஞ்சிவப்பு ரோஜா. கவாயிக்கு ஊதா, அந்தத் தீவில் மட்டுமே விளையும் சோம்பு வாசனை வீசும் மோகிஹானாக் காய். மொலோகாயிக்குப் பச்சை, குக்குயி. லானாயிக்கு ஆரஞ்சு, கடற்கரையில் இலையே இல்லாமல் படரும் கௌனஓவாக் கொடி. நீஹௌவுக்கு வெள்ளை, பூ இல்லை, அரிசி அளவுச் சிப்பிகள். கஹோஓலவேக்குச் சாம்பல் நிறம், ஹினஹினா என்ற செடி.

மௌயியின் ரோஜாவைக் கொஞ்சம் கவனியுங்கள். ரோஜா ஹவாயின் சொந்தச் செடியே இல்லை, குதிரையைப் போல வெளியிலிருந்து வந்தது. வந்ததை வளர்த்து, மாலையாக்கி, தீவின் அடையாளமாகவே மாற்றிக்கொண்டார்கள். புதுசைப் பழசோடு சேர்த்துக் கட்டுவது அங்கே புதிய பழக்கம் இல்லை.

லெய் கட்டுவதற்கு வழிவழியாக வந்த ஒழுக்கம் உண்டு. காட்டில் பூப் பறிக்கும்முன் அனுமதி கேட்டுப் பிரார்த்தனை செய்வார்கள். ஒரே மரத்தை மொட்டையடிக்க மாட்டார்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பறிப்பார்கள். கோபத்தோடோ வெறுப்போடோ கட்டக் கூடாது, கட்டுகிறவரின் மனது மாலைக்குள் போய்விடும் என்பார்கள். வாடியபிறகு குப்பையில் போட மாட்டார்கள், மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பார்கள். கர்ப்பிணிக்கு முனை சேராத மாலைதான் போடுவார்கள். மூடிய வளையம் குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றுவதை நினைவூட்டும் என்ற பயம்.

சவாரி செய்பவருக்கும் குதிரைக்கும் சேர்த்து இப்படிக் கட்ட வேண்டும் என்றால் எத்தனை கை வேண்டும் பாருங்கள். அணிவகுப்பு நடப்பது ஒரு காலைப் பொழுது. மாலைகள் கட்டுவதற்குக் குடும்பமே முந்தின நாட்களில் உட்கார்ந்துவிடும். என் பார்வையில் இந்த மரபின் ஆன்மிகப் பகுதி பெரும்பாலும் அந்த உட்காரலில் நடக்கிறது, தெருவில் இல்லை.

மறுபடி சுருக்கமாக: பாஊ குதிரைக்கு முந்திய புனித மதிப்புள்ள உடை. லெய், செடிகொடியிடம் கேட்டு வாங்கி, திருப்பிக் கொடுக்கும் பொருள். இரண்டும் சேர்ந்து குதிரை மேல் ஏறும்போது, ஏறுவது ஒரு பெண் மட்டும் இல்லை, ஒரு தீவு.

## தீவு என்றால் உறவு

இதைக் கவிதை வரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹவாய்ப் பழங்கதையில் தீவுகள் பிறக்கின்றன. பூமித்தாய் பாப்பாவுக்கும் வானத் தந்தை வாகேயாவுக்கும் பிறந்த பிள்ளைகளாகப் பல தீவுகளைச் சொல்கிறார்கள். மொலோகாயிக்குத் தாய் ஹினா, இன்றைக்கும் அதை ஹினாவின் பிள்ளை என்றே பாடுவார்கள். அதே வம்ச வரிசையில் பின்னால் மனிதனும் வருகிறான். அதனால் நிலம் சொத்து இல்லை, மூத்த உடன்பிறப்பு. மூத்தவரைப் பேண வேண்டியது இளையவரின் கடமை. மூத்தவர் சோறு போடுவார்.

இந்த எண்ணத்தோடு பார்த்தால் எட்டு இளவரசிகளின் வரிசை அழகுப் போட்டி மாதிரித் தெரியாது. குடும்பத்தின் எட்டுப் பேரும் ஒருவர்பின் ஒருவராக ஊர்வலம் வருகிறார்கள்.

அதில் கஹோஓலவேயின் இளவரசி வரும்போது நான் சொல்வது இன்னும் தெளிவாகும். அந்தத் தீவில் நிரந்தரமாகக் குடியிருப்பவர் யாரும் இல்லை. 1941-இல் அமெரிக்க ராணுவம் தீவைக் கையகப்படுத்தி, குண்டுவீச்சுப் பயிற்சிக்குக் குறியாக வைத்துக்கொண்டது. 1976-இல் ஹவாய் இளைஞர்கள் தடையை மீறிப் படகில் போய் இறங்கிப் போராட ஆரம்பித்தார்கள். 1990-இல்தான் குண்டுவீச்சு நின்றது. 1994-இல் தீவு மாநிலத்துக்குத் திரும்பியது. வெடிக்காத குண்டுகள் இன்னமும் மண்ணுக்குள் கிடக்கின்றன. ஆள் இல்லாத, அடிபட்ட அந்தத் தீவுக்கும் வரிசையில் குதிரை உண்டு, மாலை உண்டு, மற்ற ஏழு பேருக்கும் சமமான இடம் உண்டு. வீட்டில் உடம்பு சரியில்லாதவரை விட்டுவிட்டு யாரும் குடும்பப் படம் எடுத்துக்கொள்வதில்லையே.

லெஹுவாவுக்கும் ஒரு கதை நடந்துகொண்டிருக்கிறது. புதிதாக ஆறிய எரிமலைப் பாறையில் முதலில் வேர்விடும் மரங்களில் ஒன்று ஓஹியா. அதன் பூதான் லெஹுவா, பெலேவுக்கும் ஹிஇயாகாவுக்கும் உரியது. சில ஆண்டுகளாக ஒரு பூஞ்சை நோய் ஹவாய்த் தீவில் ஓஹியா மரங்களை வேகமாக அழித்துவருகிறது. வெட்டுக்காயம் வழியாகவும் மண் ஒட்டிய செருப்பு வழியாகவும் பரவக்கூடியது. அதனால் 2016-இல் ஹீலோ நகரத்தின் பெரிய ஹூலா நடன விழாவில், ஓஹியாவைப் பறித்துவர வேண்டாம் என்று குழுக்களைக் கேட்டுக்கொண்டார்கள். வேறு சிவப்புப் பூவாலும் துணிப்பூவாலும் சமாளிக்கலாம் என்ற நிலை வந்தது. தீவின் சின்னமான பூவை அணியாமல் இருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்றாகிவிட்டது. வெறும் அலங்காரமாக இருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

## அரசு போனபிறகு ராணி எதற்கு?

இதையும் கேட்டுவிட வேண்டும். ஹவாய் தனி முடியரசாக இருந்தது. 1893-இல் அமெரிக்க, ஐரோப்பிய வணிகர்கள் அமெரிக்கக் கடற்படை வீரர்களின் துணையோடு ராணி லிலியுஓகலானியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1898-இல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக்கொண்டது. அதற்குள் டிராமும் அப்புறம் மோட்டார் வண்டியும் வந்து, அன்றாடப் பாஊ சவாரி மங்கிப்போனது.

1906-இல் ஹொனலூலுவின் பூ அணிவகுப்புக்காகப் பெண்கள் சங்கம் அமைத்துப் பாஊவை மறுபடி தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த அணிவகுப்பு சுற்றுலாக்காரர்களை ஈர்க்க உருவானது என்பது உண்மைதான். தேதியைப் பாருங்கள்: பிப்ரவரி 22, ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாள். சுற்றுலா வேஷம் என்று சொல்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த ஆண்டில் லிலியுஓகலானி உயிரோடு அதே ஊரில் வாழ்ந்துகொண்டிருந்தார், 1917 வரைக்கும் இருந்தார். சிம்மாசனம் பறிக்கப்பட்ட ராணி வீட்டுக்குள் இருக்க, அமெரிக்க அதிபரின் பிறந்தநாள் ஊர்வலத்தில் ஹவாய்ப் பெண்கள் தங்கள் பழைய உடையில் குதிரையேறி வந்தார்கள். அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று நான் அளந்துவிட மாட்டேன். பார்த்தவர்கள் எல்லாருக்கும் அது வெறும் வேடிக்கையாக இருந்திருக்கும் என்று மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

## அப்படியென்றால் இது மதச் சடங்கா?

இல்லை. பூசாரி கிடையாது, பலி கிடையாது, நிறைவேற்றியே தீர வேண்டிய விதி கிடையாது. பாஊ கட்டும் பெண்களில் நிறையப் பேர் கிறிஸ்தவர்கள். கிளம்பும்முன் பல குழுக்கள் வட்டமாகக் கைகோத்து நின்று பிரார்த்தனை செய்வார்கள். ஹவாய் மொழியில் அது புலே. அந்தப் பிரார்த்தனையில் இயேசுவும் வரலாம், முன்னோரும் வரலாம், குதிரை மிரளாமல் இருக்க வேண்டும் என்ற வேண்டுதலும் வரலாம். அதை இழுத்து ஒரே பெட்டியில் அடைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை, நமக்கும் இல்லை.

தேவி வழிபாடு என்று எழுதுகிறவர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான். இல்லாத ஒரு பழைய சடங்கைக் கற்பித்து, இருக்கிற நுணுக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள். யார் கட்டிவிடுகிறார், எந்தக் காட்டில் யாரிடம் கேட்டுப் பறித்தார்கள், எந்தத் தீவுக்காக ஏறுகிறார் என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு குழுவிடமும் பதில் இருக்கிறது. கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

## நேரில் பார்க்க வாய்த்தால்

கமேஹமேஹா நாள் ஜூன் 11. ஐந்தாம் கமேஹமேஹா 1871-இல் அறிவித்த விடுமுறை, இன்றும் மாநில விடுமுறை. அதையொட்டி ஹொனலூலுவில் பெரிய பூ அணிவகுப்பு நடக்கும். என்னைக் கேட்டால், முதலாம் கமேஹமேஹா பிறந்த ஊர்ப்பக்கமான வட கோஹாலாவின் சின்ன அணிவகுப்பே மேல். கூட்டம் குறைவு, குதிரைகள் பக்கத்திலேயே வரும், பார்க்கிறவர்களில் பாதிப் பேர் சவாரி செய்பவரின் சொந்தக்காரர்களாக இருப்பார்கள். ஈஸ்டரை ஒட்டி ஹீலோவிலும் ஓர் அணிவகுப்பு உண்டு.

தொங்கும் துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். குதிரை மிரளலாம், செருகல் நெகிழலாம். குதிரைக்குப் பின்னால் நிற்கவே கூடாது. தீவின் பெயரை அறிவித்ததும் அந்தத் தீவுக்காரர்கள் கத்திக் கைதட்டுவார்கள், நீங்களும் தட்டலாம். ஒவ்வொரு குழுவுக்கும் கடைசியில் தள்ளுவண்டியும் மண்வெட்டியுமாகச் சிலர் சாணம் அள்ளிக்கொண்டு வருவார்கள். பல நேரம் அவர்களும் மாலை போட்டு, வண்டிக்கும் பூ வைத்திருப்பார்கள். அவர்களுக்கும் அதே அளவு கைதட்டல் கிடைக்கும்.